சுரண்டலும் அந்நியமாதலும்: ஒரு ஹங்கேரியத் தொழிற்சாலையை முன்வைத்து

1

என் சித்தப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். ரிங் ஃப்ரேமில் சைடர். சுழலும் ஸ்பிண்டில் வரிசையோடு நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு போகும் வேலை. தொழிற்சங்கத்தில் தீவிரமாக இருந்தார். கட்சி வகுப்புகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நோட்டுகள் இன்னமும் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

சில வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்போது ஒரு மனக்கசப்பில் இருந்தேன். நான் எட்டு மாதம் எழுதிய ஒரு மென்பொருள் பகுதியை நிறுவனம் மூன்று வரி மின்னஞ்சலில் கைவிட்டிருந்தது. யாருக்காக எழுதினோம், யார் பயன்படுத்தியிருப்பார்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்று எதுவும் தெரியாது. திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சம்பளம் குடுத்துட்டாங்கல்ல?"

"குடுத்துட்டாங்க சித்தப்பா."

"அப்பறம் என்ன சாமி? சுரண்டல்னா என்னன்னு எங்க மில்லு கேட்டுல நின்னு பாத்துருக்கோணும். உனக்கு இருக்கறது மனசுக் கொறை. அதுக்கு மருந்து வேற."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மார்க்ஸே இதுக்கு ஒரு பேர் வெச்சிருக்காரு, அந்நியமாதல்னு" என்றேன்.

"அதெல்லாம் அவரு சின்ன வயசுல எழுதுனது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோனது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததால் அது என்னை விடவில்லை. என் சம்பளத்தை வைத்துக்கொண்டு சுரண்டல் என்ற சொல்லை எடுக்கக் கூச்சமாக இருந்தது. அதற்காக, எனக்கு நடந்தது வெறும் மனக்குறை என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுரண்டலும் அந்நியமாதலும் மார்க்ஸிடம் எப்படி உறவு கொள்கின்றன என்று நான் தேடிப் படித்தது இந்தச் சங்கடத்தினால்தான்.

2

சித்தப்பா போகிற போக்கில் சொன்ன வாக்கியம் உண்மையில் ஒரு நெடிய சண்டையின் சுருக்கம்.

1844-இல் பாரிஸில் வாழ்ந்த மார்க்ஸுக்கு வயது 26. பொருளாதார நூல்களைப் படித்துப் படித்து அவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் இன்று 'பொருளாதார, தத்துவக் கையெழுத்துப் பிரதிகள்' என்று அறியப்படுகின்றன. அவர் அவற்றை வெளியிடவில்லை. 1932-இல்தான் முழுமையாக அச்சேறின. லெனின் 1924-இலேயே இறந்துவிட்டார். அதாவது ரஷ்யப் புரட்சியின் தலைமுறை இந்தப் பிரதிகளைப் படிக்காமலேயே மார்க்சியத்தைக் கற்றது.

அந்தக் குறிப்புகளில் மார்க்ஸ் தொழிலாளியின் அந்நியமாதலை நான்காகப் பிரித்துச் சொல்கிறார். அவன் செய்த பொருள் அவனுக்குச் சொந்தமில்லாமல் அவனுக்கு எதிரே நிற்கிறது. செய்யும் செயலும் அவனுடையதாக இல்லை, வேலை நேரம் முடிந்த பிறகே அவன் தானாக உணர்கிறான். திட்டமிட்டு, சுதந்திரமாகப் படைக்கும் மனித இயல்பு வெறும் பிழைப்புக்கான கருவியாகிவிடுகிறது. கடைசியாக, சக மனிதர்களிடமிருந்தே அவன் விலகிப்போகிறான்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, 1867-இல், 'மூலதனம்' முதல் பாகம் வருகிறது. அங்கே மைய இடத்தில் இருப்பது சுரண்டல். முதலாளி வாங்குவது தொழிலாளியின் உழைப்பை அல்ல, உழைக்கும் திறனை, அதாவது உழைப்புச் சக்தியை. அந்தச் சக்தியை ஒரு நாள் தக்கவைக்க வேண்டிய பண்டங்களைச் செய்ய ஆறு மணி நேர உழைப்பு போதும் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியோ பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறான். மீதி ஆறு மணி நேரம் உபரி. இதில் ஏமாற்று கிடையாது. சந்தை விதிப்படி வாங்கிய சரக்குக்கு முழு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் உபரி உண்டாகிறது. மார்க்ஸ் விளக்க விரும்பிய புதிர் இதுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு மொழிகள். முதலாவதில் மனித இயல்பைப் பற்றிய தத்துவம். இரண்டாவதில் மணிக்கணக்கு. 1960களில் பிரெஞ்சு மார்க்சியர் லூயி அல்தூசர் இந்த வேறுபாட்டை ஒரு உடைப்பு என்றே வாதிட்டார். 1845 வாக்கில் மார்க்ஸ் மனிதநேயத் தத்துவத்தைக் கைவிட்டு அறிவியலுக்குள் நுழைந்தார், அந்நியமாதல் அந்தப் பழைய வீட்டின் சாமான் என்பது அவர் நிலைப்பாடு. சித்தப்பா படித்த கட்சி வகுப்பில் அல்தூசர் பெயர் வந்திருக்காது. முடிவு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

மறுபக்கத்தில் வேறொரு தவறு நடந்தது. 1964-இல் அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் பிளவுனர் அச்சுத் தொழில், ஜவுளி, மோட்டார் வாகனம், வேதிப்பொருள் ஆகிய நான்கு துறைகளின் தொழிலாளர்களை ஒப்பிட்டு, அந்நியமாதலைக் கருத்துக் கணிப்பின் மூலம் அளக்க முயன்றார். உங்களுக்கு வேலை அலுப்பாக இருக்கிறதா, அர்த்தமில்லாததாகத் தோன்றுகிறதா என்ற மாதிரி. தானியங்கி எந்திரங்கள் வரவர அந்நியமாதல் குறையும் என்பது அவர் முடிவு. இங்கே அந்நியமாதல் ஒரு உணர்ச்சியாகச் சுருங்கிவிட்டது. உணர்ச்சி என்றால் அதை நல்ல நாற்காலி போட்டு, நல்ல மேனேஜரை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

தமிழிலும் இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. எஸ்.வி.ராஜதுரை 'அந்நியமாதல்' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். கோவை ஞானி மார்க்சியத்துக்குள் நின்றே அதை விடாமல் பேசினார். ஆனால் சிறுபத்திரிகைச் சூழலின் பொதுப் பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் நகரத்து நவீன மனிதனின் தனிமைக்கு மறுபெயராக ஆனது. அந்தத் தனிமையைக் கொண்டாடியவர்களும், அதை நடுத்தர வர்க்கத்தின் நோய் என்று ஏசியவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: அது ஒரு மனநிலை.

மார்க்ஸுக்கு அது மனநிலை அல்ல. 1845-இல் எங்கெல்ஸோடு சேர்ந்து வெளியிட்ட 'புனிதக் குடும்பம்' நூலில் அவர் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும்: சொத்துள்ளவனும் சொத்தற்றவனும் ஒரே அந்நியமாதலுக்குள்தான் இருக்கிறார்கள், ஆனால் முதலாமவனுக்கு அதில் சௌகரியமாக இருக்கிறது. சௌகரியமாக உணர்கிறவனும் அந்நியமாகியிருக்க முடியும் என்றால், நாம் பேசிக்கொண்டிருப்பது உணர்வைப் பற்றி அல்ல, ஒரு உறவைப் பற்றி. என் வேலையை யார் தீர்மானிக்கிறார்கள், விளைவு யாருடைய கைக்குப் போகிறது, போன பிறகு அது என்னை என்ன செய்கிறது என்பது பற்றி.

3

இந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கருத்துகளும் எங்கே தைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியத் தொடங்குகிறது.

சுரண்டல் முதலாளித்துவத்தோடு பிறந்ததில்லை. 'மூலதன'த்தில் மார்க்ஸ் இன்றைய ருமேனியாவின் பகுதியான வல்லாக்கியாவின் விவசாயிகளை உதாரணம் காட்டுகிறார். அவர்கள் சில நாட்கள் தங்கள் நிலத்திலும் சில நாட்கள் நிலப்பிரபுவின் நிலத்திலும் உழைத்தார்கள். எது தனக்கு, எது பிரபுவுக்கு என்பது கண்ணுக்கே தெரியும். நடுவில் வரப்பு இருக்கிறது. ஆலைத் தொழிலாளியின் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அப்படி ஒரு வரப்பு கிடையாது. ஆறாவது மணி எப்போது முடிந்தது, உபரி எப்போது தொடங்கியது என்று எந்தச் சங்கும் ஊதுவதில்லை. எல்லா மணிக்கும் சேர்த்து ஒரே கூலி, ஒரே கவர். தன் செயலின் மீதான அதிகாரத்தைக் காலையில் கேட்டில் நுழையும்போதே விற்றுவிட்டதால்தான் அந்த வரப்பு அழிகிறது.

ஆக, முதலாளித்துவச் சுரண்டலுக்கு அந்நியமாதல் ஒரு முன்நிபந்தனை. அதே சமயம் அது சுரண்டலின் விளைவும்கூட. உபரி மூலதனமாகி, அடுத்த வருஷம் புது எந்திரமாக, புது மேற்பார்வையாளராக, புது விதிமுறையாக அதே தொழிலாளிக்கு எதிரே வந்து நிற்கிறது. தன்னை ஆளும் சக்தியைத் தொழிலாளி தானே திரும்பத் திரும்ப உற்பத்தி செய்கிறான் என்பதை 'மூலதனம்' எளிய மறு உற்பத்தி பற்றிய அத்தியாயத்தில் பேசுகிறது. பழைய வீட்டின் சாமான் என்று அல்தூசர் சொன்னது புது வீட்டின் நடுக்கூடத்திலேயே கிடக்கிறது. திரட்சி பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இன்னும் ஒரு படி போகிறார். கூலி கூடினாலும் குறைந்தாலும், மூலதனம் வளர வளரத் தொழிலாளியின் நிலை மோசமாகும் என்கிறார். கூலி கூடும்போதும் மோசமாவது எது? பணக்கணக்கில் மட்டும் யோசித்தால் இதற்குப் பதில் கிடைக்காது.

இதற்கு எதிரான வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 1982-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் ரோமர், சுரண்டலின் வேர் சொத்துகள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பதில் இருக்கிறது என்று கணித முறையில் நிறுவ முயன்றார். அவர் கணக்கில் மூலதனம் உழைப்பை வாடகைக்கு எடுத்தாலும் சரி, உழைப்பு மூலதனத்தைக் கடனாக எடுத்தாலும் சரி, விளைவு ஒன்றே. மேஸ்திரி கேட்டில் நிற்கிறாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. சித்தப்பாவின் நிலைப்பாட்டுக்கு இதைவிடச் செம்மையான வடிவம் கிடையாது.

ஆனால் ரோமரின் மாதிரியில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஒப்பந்தம் போட்டால் பேசிய உழைப்பு அப்படியே வந்து சேர்ந்துவிடும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் முதலாளி வாங்குவது எட்டு மணி நேரத்தை. அந்த நேரத்துக்குள் எவ்வளவு உழைப்பு வரும் என்பது ஒவ்வொரு நாளும் நடக்கும் இழுபறி. வேகம், இடைவெளி, எத்தனை எந்திரம், எந்த முறை என்பதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்களோ அவர்கள்தான் உபரியின் அளவையும் தீர்மானிக்கிறார்கள். அதிகாரம் கணக்குக்கு வெளியே நிற்பதில்லை. கணக்கின் ஒரு வரியாகவே இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முதலாளியே இல்லாத தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

4

1970களின் தொடக்கத்தில் மிக்லோஷ் ஹராஸ்டி என்ற இளம் ஹங்கேரியக் கவிஞர் புடாபெஸ்ட்டின் சிவப்பு நட்சத்திர டிராக்டர் தொழிற்சாலையில் மில்லிங் எந்திரம் ஓட்டினார். அந்த அனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். ஹங்கேரிய மொழியில் அதன் பெயருக்குப் 'பீஸ் ரேட்' என்று பொருள். 1977-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, தொழிலாளர் அரசில் ஒரு தொழிலாளி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதற்குள் அரசு அவரைக் கைதுசெய்து, கிளர்ச்சியைத் தூண்டியதாக வழக்குப் போட்டு, தண்டனை கொடுத்து, பிறகு அந்தத் தண்டனையை நிறுத்தியும் வைத்திருந்தது.

நூலின் பெரும்பகுதி கணக்கு. ஒரு உதிரிபாகத்துக்கு இத்தனை நிமிடம், இத்தனை காசு என்று நிர்ணயிக்க அங்கே அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் தரும் அளவை 'நார்ம்' என்பார்கள். கூடவே எந்த வேகத்தில், எந்தப் பாதுகாப்பு விதியோடு வெட்ட வேண்டும் என்ற தொழில்நுட்பக் குறிப்பும் வரும். குறிப்பை ஒழுங்காகப் பின்பற்றினால் நார்மை எட்ட முடியாது, குடும்பம் நடத்தும் கூலி கிடைக்காது. அதனால் எல்லோரும் வேகத்தைக் கூட்டினார்கள், விதிகளை மீறினார்கள், கையைப் பணயம் வைத்தார்கள். தொழிலாளர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் கொள்ளை. கொள்ளையடித்தால் பிழைக்கலாம். ஆனால் எல்லோரும் வேகமாகச் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் நார்ம் இறுக்கப்படும். தங்கள் சாமர்த்தியத்தாலேயே தங்கள் கயிற்றைத் தாங்களே இறுக்கிக்கொண்டார்கள். போதாதென்று ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு எந்திரம் ஓட்ட வேண்டும். அதற்குக் கூலி இரண்டு மடங்கு ஆகவில்லை.

பீஸ் ரேட்தான் முதலாளித்துவத்துக்கு மிகப் பொருத்தமான கூலி வடிவம் என்று எழுதியவர் மார்க்ஸ். தொழிலாளியின் சுயநலமே அவனுக்கு மேற்பார்வையாளராகிவிடும் என்பது அவர் தந்த காரணம். அவர் படம் மாட்டிய தொழிற்சாலையிலேயே அந்த வடிவம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே மேலே இருக்கும் எல்லோரையும் தொழிலாளர்கள் ஒரே சொல்லால் சுட்டினார்கள்: 'அவர்கள்'. ஃபோர்மேன், அலுவலகம், நார்ம் போடுகிறவர் எல்லோரும் அதில் அடக்கம். சட்டப்படி தொழிற்சாலை தொழிலாளர்களுடையது. சொந்தத் தொழிற்சாலையில் 'அவர்கள்' எங்கிருந்து வந்தார்கள்?

தனியுடைமை ஒழிந்ததால் அந்நியமாதலும் ஒழிந்தது என்பது அன்றைய கிழக்கு ஐரோப்பாவின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. போலந்துக் கட்சியின் முக்கியத் தத்துவவாதி ஆடம் ஷாஃப் 1965-இலேயே சோஷலிசத்திலும் அந்நியமாதல் தொடர்கிறது என்று எழுதி வம்பில் மாட்டிக்கொண்டார். ஹராஸ்டி தத்துவத்துக்குள் போகவில்லை. நிமிடங்களையும் காசுகளையும் எழுதிவைத்தார். எனக்கு அந்த நூல் முக்கியமானது இதனால்தான். இங்கே உபரி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகும் தனி முதலாளி இல்லை. அப்படியானால் இது சுரண்டலா? உபரி எல்லோருக்கும் பொதுவாகத் திரும்பி வந்தால் சுரண்டல் இல்லை. வருகிறதா இல்லையா என்று பார்க்க, கேட்க, மாற்றச் சொல்ல எந்திரத்துக்கு முன்னால் நிற்பவனுக்கு வழி இல்லை. நார்ம் என்ன என்பதையே அவன் கேட்க முடியாதபோது நாட்டின் உபரி எங்கே போகிறது என்று எப்படிக் கேட்பான்? சுரண்டல் உண்டா என்ற கேள்வி கடைசியில் யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. முன்வாசலில் முதலாளியை வெளியேற்றினார்கள். பின்வாசலில் தாழ்ப்பாள் இல்லை. அந்தப் பின்வாசல்தான் அந்நியமாதல்.

5

அதே நூலில் இன்னொரு விஷயம் வருகிறது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். தொழிலாளர்கள் வேலை நேரத்தில், தொழிற்சாலை எந்திரத்தில், கழிவு உலோகத்தைக் கொண்டு தங்களுக்கென்று சின்னச் சின்னப் பொருட்கள் செய்தார்கள். ஹங்கேரியத்தில் 'ஃபுஷி' என்பார்கள். சாவி வளையம், சாம்பல் கிண்ணம், உப்பு டப்பா, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தர எஃகு வில்லைகள், உடைந்த மில்லிங் பற்களில் கழுத்துப் பதக்கம். பிடிபட்டால் தண்டனை. அதில் போகும் நிமிடங்களுக்குக் கூலியும் கிடையாது. கூலிக்காகக் கையைப் பணயம் வைக்கும் அதே ஆட்கள், காசு வராத இந்த வேலையில் பொறுமையாக, அழகு பார்த்து உழைத்தார்கள். ஒருவருக்கொருவர் உதவினார்கள். எல்லா உற்பத்தியும் ஃபுஷியாகிவிடும் ஒரு மாபெரும் ஃபுஷியை ஹராஸ்டி கனவு காண்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மில்லின் உடைந்த மர பாபின்களைச் சக்கரமாக வைத்துச் சித்தப்பா எனக்கு ஒரு வண்டி செய்து தந்தார். நாலு சக்கரமும் ஒரே அளவில் இழைத்து, அச்சுக்கு எண்ணெய் விட்டு. அந்த நூலைப் படித்த பிறகு, அதைச் செய்ய எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டேன். "நேரமா? அதையெல்லாம் யாரு பாத்தா" என்றார். ரிங் ஃப்ரேமில் ஒரு டாஃபிங்குக்கு எத்தனை நிமிடம் என்பதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆனாலும் ஹராஸ்டியின் கனவோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. வேலையில் வரும் மகிழ்ச்சியை அவர் விடுதலையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். ஏறத்தாழ அதே வருஷங்களில், அட்லாண்டிக்கின் மறுகரையில், இதற்கு ஒரு மறுப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

சமூகவியலாளர் மைக்கேல் புராவாய் 1974-இல் சிகாகோவில் ஒரு எஞ்சின் தொழிற்சாலையில் எந்திரத் தொழிலாளியாகச் சேர்ந்தார். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, முப்பது வருஷத்துக்கு முன் டொனால்ட் ராய் என்ற ஆய்வாளர் வேலை பார்த்து எழுதிய அதே ஆலை அது. அங்கேயும் பீஸ் ரேட். ஒதுக்கீட்டை எட்டி 140 சதவீதம் வரை போவது தொழிலாளர்களிடையே ஒரு விளையாட்டு. அதைத் தாண்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்று அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஏளனத்தோடு வேடிக்கை பார்க்கப் போன புராவாயே அந்த ஆட்டத்தில் மூழ்கிப்போனார். நேரம் போவது தெரியவில்லை, திறமை கூடியது, ஜெயித்த நாளில் சந்தோஷம். தொழிலாளர்கள் ஏன் இன்னும் கடினமாக உழைப்பதில்லை என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, ஏன் இவ்வளவு கடினமாக உழைக்கிறார்கள் என்று அவர் கேட்டார். ஆட்டம் ஆடுகிறவர் ஆட்டத்தின் விதிகளைக் கேள்வி கேட்பதில்லை என்பது அவர் கண்ட பதில். 1979-இல் வந்த அவர் நூலின்படி, உபரியைக் கறப்பதும் மறைப்பதும் ஒரே செயலில் நடக்கின்றன. அந்தச் செயல் மகிழ்ச்சியாகவும் இருக்கலாம்.

இது பிளவுனரின் கருத்துக் கணிப்பைச் செல்லாததாக்குகிறது. ஹராஸ்டியின் நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்துகிறது. வேலை பிடித்திருக்கிறது என்று தொழிலாளி சொல்வதால் அந்நியமாதல் இல்லை என்றாகிவிடாது. ஆட்டம் அவனுடையது, மைதானம் வேறொருவருடையது.

புராவாய் இதோடு நிறுத்தவில்லை. 1980களில் ஹங்கேரிக்கே போய் மிஷ்கோல்ட்ஸ் நகரத்தின் லெனின் உருக்காலையில் உலைத் தொழிலாளியாக வேலை செய்தார். ஒரு தடவை பிரதமர் பார்வையிட வருகிறார் என்று, எல்லோரையும் கூட்டிப் பெருக்கச் சொல்லி, எந்திரங்களுக்கு வண்ணம் பூசச் சொன்னார்கள். தொழிலாளர்கள் சிரித்துக்கொண்டே பூசினார்கள். அரசு சோஷலிசத்தில் உபரியை எடுப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார், அதனால் அதை நியாயப்படுத்த அன்றாடம் வண்ணம் பூச வேண்டியிருக்கிறது என்று அவர் விளக்கினார். வல்லாக்கிய விவசாயியின் வரப்பு இங்கே திரும்ப வந்துவிட்டது. வரப்பு தெரிந்ததால் மட்டும் அதிகாரம் கைமாறிவிடவில்லை.

6

இனி என் வேலைக்கு வருகிறேன். எங்களுக்கும் ஒரு நார்ம் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இத்தனை புள்ளி என்று நாங்களே கூடி மதிப்பிடுகிறோம். 'நாங்களே' என்பதில் ஒரு பெருமை. ஒரு முறை வேகமாக முடித்தால் அடுத்த முறை அதே வேகம் அடிப்படையாகிவிடும். இதைப் புரிந்துகொண்ட பழைய ஆட்கள் புள்ளியைக் கொஞ்சம் ஊதி வைப்பார்கள். சிகாகோவின் 140 சதவீதம் எங்கள் குழுவில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

எங்களுக்கு ஃபுஷியும் உண்டு. இரவுகளில் என் சொந்த லேப்டாப்பில் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களை எழுத்தாக மாற்றும்போது 'ர'வையும் துணைக்காலையும் கணினி குழப்பிக்கொள்ளும். அதைத் திருத்தும் நிரல். பகல் முழுக்க கோட் எழுதிவிட்டு வந்து இரவில் அதே கோட் எழுதுவது எப்படி ஓய்வாக இருக்க முடியும் என்று மனைவி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அதைப் பொதுவில் வெளியிட ஆசைப்பட்டபோது, பணி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு தடுத்தது. நிறுவனத்தில் இருக்கும் காலத்தில் நான் எழுதும் எதன் மீதும் அவர்களுக்கு உரிமை கோர இடமுண்டு. அனுமதி கேட்டு எழுதினேன். நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது. அதற்குள் என் ஆர்வம் வடிந்திருந்தது.

அனுமதி கிடைத்து வெளியிட்டவர்களின் கதையும் எளிதல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நிரல்தொகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் பலவும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. பராமரித்தவர்களோ பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் வேலை செய்த சில தன்னார்வலர்கள். அவர்கள் தங்கள் விருப்பப்படி, தங்கள் முறையில் செய்த வேலை அது. அந்நியமாகாத உழைப்பு என்றே சொல்லலாம். அதன் பலனைப் பெரிய நிறுவனங்கள் இலவசமாக அனுபவித்தன. மாபெரும் ஃபுஷி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, மூலதனம் அதற்கும் பழகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த டிசம்பரில் நிறுவனங்களுக்கு வந்த பதற்றத்துக்கு ஓட்டை மட்டும் காரணமில்லை. இன்றைக்கே சரிசெய் என்று கட்டளையிட அங்கே யாரும் அவர்களுடைய ஆள் இல்லை. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். கூலி கொடுத்து வாங்கப்படுவது என்ன என்பதை நான் அப்போதுதான் தெளிவாகப் பார்த்தேன். கோட் அவர்களுக்கு இலவசமாகவே கிடைத்திருந்தது. கட்டளையிடும் உரிமைக்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.

7

எங்கள் அலுவலகத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு அம்மா தளத்தைத் துடைக்க வருவார். ஒப்பந்தத் தொழிலாளி. அவர் சம்பளத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பேசினால், நான் 'என் அந்நியமாதல்' என்று சொல்வது ஆபாசமாகத்தான் இருக்கும். சித்தப்பாவின் கோபத்தில் இருந்த நியாயம் இது. அந்நியமாதல் என்ற சொல் வசதியானவர்களின் துக்கத்துக்கு அலங்காரமாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. கணக்கைப் பேசாமல் அதிகாரத்தை மட்டும் பேசுகிறவர் அந்த அம்மாவிடம் போய் எதுவும் சொல்ல முடியாது.

அதே அம்மாவை வைத்தே மறுபக்கத்தையும் பார்க்கலாம். எத்தனை தளம், எத்தனை மணிக்குள், எந்தத் திரவம், எப்போது உட்காரலாம் என்பதில் அவருக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. சம்பளத்தை ஆயிரம் ரூபாய் கூட்டிவிட்டு இரண்டு தளத்தைச் சேர்த்துவிட்டால் அந்த ஆயிரம் எங்கே போயிற்று? கணக்கைக் காப்பாற்றவே அதிகாரம் தேவைப்படுகிறது. என் நிலையும் அவர் நிலையும் சமமல்ல. ஆனால் இரண்டு பேரிடமும் இல்லாதது ஒன்றுதான்.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். ஹராஸ்டியின் இரண்டு எந்திரக் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சேர்ந்தபோது ஒரு ஆளுக்கு இரண்டு சைடு. பிறகு அது நாலாச்சு. அதற்காகப் பெரிய போராட்டம் நடந்ததாகச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

"சைடு எத்தனைன்னு யாரு முடிவு பண்றதுன்னு நீங்க யாரும் கேக்கலையா சித்தப்பா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கேட்டோம். மொதல் நாள் அதத்தான் கேட்டோம். பதினோராம் நாளு பேச்சுவார்த்தைல கூலிய கூட்டிக் குடுத்தாங்க. கேள்விய விட்டுப்போட்டோம்."

பிறகு அவரே தொடர்ந்தார். "பிள்ளைக பசிச்சுக் கெடக்கறப்ப அந்தக் கேள்விய புடிச்சுட்டு நிக்க முடியாது சாமி. ஆனா அத விட்டது தப்புன்னு ரெண்டு வருசத்துல தெரிஞ்சுபோச்சு. கூட்டுன கூலி வெலைவாசில போயிருச்சு. நாலு சைடு அப்படியே நின்னுருச்சு."

நான் எழுதிவைத்துக்கொண்டேன். அவர் தன் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கித் தரச் சொன்னார்.